பழைய சின்னக் கார் கரைச்சல் கொடுத்தால்: அறிகுறியிலிருந்து பிழையைத் தேடும் வழி

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மறுபடி அனுமதி கிடைத்தபோது, வரியோடு சேர்ந்து வந்த விலை சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டாத உயரத்தில் நின்றது. அதனால்தான் கொழும்பில் வெள்ளவத்தைக் குறுக்குத் தெருக்களிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் இருபது வருடம் தாண்டிய மாருதி 800, ஆல்டோ, நிசான் மார்ச், டொயோட்டா ஸ்டார்லெட் எல்லாம் இன்னமும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குகின்றன. அவற்றை ஓட வைப்பது ஆசைக்காக அல்ல, வேறு வழி இல்லாததால்.

பழைய காரில் பெரும்பாலான காசு ஊகத்தில்தான் போகிறது. ஸ்டார்ட் ஆகவில்லையா, பற்றரியை மாற்று. அப்படியும் இல்லையா, ஸ்டாட்டரை மாற்று. மூன்றாம் நாள் பார்த்தால் பற்றரிக்கும் பொடிக்கும் இடையில் இருக்கிற ஏர்த் வயர் துருப்பிடித்துக் கிடக்கும். ஆகவே சாமான் வாங்கப் போவதற்கு முன் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கப் பெரிய ஆயுதம் தேவையில்லை: ஒரு மலிவான மல்டிமீற்றர், பிளக் கழற்றும் சாவி, டயர் காற்று பார்க்கும் மீற்றர், நல்ல டோர்ச், ஜாக்கோடு இரண்டு ஸ்டாண்ட். ஜாக்கை மட்டும் நம்பியோ, செங்கல், சீமெந்துக் கல் அடுக்கியோ காருக்குக் கீழே போகவே கூடாது. கல் வெடிக்கும்போது எச்சரிக்கை கொடுக்காது.

திறப்பைத் திருப்பினால் "டக்" என்ற சத்தம் மட்டும்

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுத் திறப்பைத் திருப்புங்கள். லைட் மங்கி அணையப் பார்க்கிறதா? மின்சாரம் போதவில்லை. லைட் அப்படியே பிரகாசமாக நின்று "டக்" மட்டும் கேட்கிறதா? பற்றரியில் பலம் இருக்கிறது, ஸ்டாட்டர் பக்கம் பிழை. எந்தச் சத்தமுமே இல்லையென்றால் திறப்பு ஸ்விட்ச், அதிலிருந்து ஸ்டாட்டருக்குப் போகும் மெல்லிய வயர், ஓட்டோ கியர் என்றால் கியர் 'பி'யில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

லைட் மங்கினால் மல்டிமீற்றரை எடுங்கள். இரவு முழுக்க நின்ற காரில் பற்றரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழே என்றால் காலி. இனி ஒருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லிவிட்டு மீற்றரையே பாருங்கள். ஸ்டாட்டர் இழுக்கும் நேரம் 9.6க்குக் கீழே விழுந்தால், அதுவும் நன்றாகச் சார்ஜ் பண்ணிய பிறகும் விழுந்தால், பற்றரியின் ஆயுள் முடிந்துவிட்டது. கொழும்புச் சூட்டில் இரண்டு மூன்று வருடம் உழைத்தாலே ஒரு பற்றரி தன் கடமையைச் செய்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பற்றரி நல்லது என்று தெரிந்த பிறகுதான் முக்கியமான சோதனை. மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸ் கம்பத்திலும் மற்றதை எஞ்சின் உடம்பில் சுத்தமான உலோகத்திலும் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டுக்கு மேல் போனால் ஏர்த் வயர் மின்சாரத்தைத் தின்கிறது. கொட்டாஞ்சேனையில் வயரிங் வேலை செய்யும் வயதான பாஸ் ஒருவர், என் காரின் பொனற்றைத் திறந்ததும் சொன்னது இதுதான்: "தம்பி, சாமான் வாங்க முதல் ஏர்த்தப் பாருங்க. கடலுக்குப் பக்கத்துல நிக்கிற வாகனத்துக்கு முதல்ல சாகிறது அதுதான்." அந்த வயரின் உறையை அவர் பிளேட்டால் கீறிக் காட்டினார். வெளியே கறுப்பு உறை புதிது மாதிரி இருந்தது. உள்ளே செம்பு பச்சைத் தூளாகி, விரலில் உரசினால் உதிர்ந்தது. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் தெருக்களில் நிற்கும் எந்தக் காரிலும் இதைச் சந்தேகப்படலாம். வயரை மாற்றும்போது பொடியில் அது பிடிக்கும் இடத்தைப் பெயின்ட் போகச் சுரண்டி, பூட்டிய பிறகு மேலே கிறீஸ் பூசுங்கள்.

லைட் மங்காமல் "டக்" மட்டும் வந்தால், ஸ்டாட்டருக்கு வரும் மெல்லிய வயரில் திறப்பைத் திருப்பும்போது எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள். பழைய சின்னக் கார்களில் அந்த மின்சாரம் திறப்பு ஸ்விட்ச் வழியாகவே வருவதால், ஸ்விட்சின் உள்தகடு தேயத் தேய 8, 9 வோல்ட்தான் போய்ச் சேரும். அப்போது ஸ்டாட்டரை மாற்றுவதில் பலனில்லை. இடையில் ஒரு ரிலே (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் ஸ்விட்ச்) போட்டால் போதும். வோல்ட் சரியாக வந்தும் சுற்றவில்லை என்றால்தான் ஸ்டாட்டரைக் கழற்ற வேண்டும். அப்போதும் முழுதாக மாற்றத் தேவையில்லாமல் போகலாம். கார்பன் பிரஷும் சொலினொயிட்டும் தனியாகக் கிடைக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் முதலில் ஃபேன் பெல்ட்டின் இறுக்கம், அதன் பிறகு ஆல்டர்னேட்டர். எல்லாம் சரியாக இருந்தும் காலையில் பற்றரி காலியென்றால் எதுவோ இரவில் மின்சாரம் குடிக்கிறது. மைனஸ் வயரைக் கழற்றி இடையில் மீற்றரை அம்பியர் பக்கம் வைத்துப் பூட்டுங்கள். 50 மில்லி அம்பியருக்கு மேல் போனால் ஃபியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வாருங்கள். எந்த ஃபியூஸில் அளவு விழுகிறதோ அந்த வழியில்தான் திருடன். பெரும்பாலும் பிறகு பூட்டிய ரேடியோவோ அலாரமோதான்.

ஸ்டாட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பற்றவில்லை

பெற்றோல் எஞ்சினுக்கு வேண்டியது பொறி, பெற்றோல், காற்றை அமுக்கும் பலம். மூன்றில் எது இல்லை என்று பார்த்தால் முடிந்தது.

பொறிக்கு: ஒரு பிளக்கைக் கழற்றி வயரோடு சேர்த்து, அதன் உலோக உடம்பு எஞ்சினில் நன்றாகத் தொடும்படி வைத்து ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாக, சத்தத்தோடு பொறி பறந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிதாக வந்தால் கொயிலிலோ வயரிலோ பலவீனம். வயரை வெறுமனே தொங்கவிட்டுச் சோதிக்காதீர்கள். உங்களுக்கும் அடிக்கும், இலக்ட்ரோனிக் இக்னிஷன் உள்ள கார்களில் மொடியூலும் போய்விடும். பெற்றோல் மணம் வீசும் எஞ்சினுக்குப் பக்கத்தில் இந்தச் சோதனையைச் செய்யவும் கூடாது.

பெற்றோலுக்கு: கார்பரேற்றர் கார் என்றால் ஏர் ஃபில்ட்டர் மூடியைக் கழற்றி, எஞ்சின் ஓடாத நிலையில், கையால் த்ரொட்டிலைத் திருப்பிக்கொண்டு உள்ளே பாருங்கள். மெல்லிய தாரையாகப் பெற்றோல் பீச்ச வேண்டும். வரவில்லையென்றால் பெற்றோல் ஃபில்ட்டர், பிறகு பம்ப், பிறகு கார்பரேற்றருக்குள் இருக்கும் ஊசி வால்வு என்ற வரிசையில் தேடுங்கள். இன்ஜெக்ஷன் கார் என்றால் திறப்பை 'ஒன்' வரை திருப்பி, பின் சீற்றுப் பக்கம் காதைக் கொடுங்கள். இரண்டு விநாடி "உம்" என்று பம்ப் ஓட வேண்டும். சத்தமே இல்லையென்றால் பம்ப் வாங்க ஓடாமல் முதலில் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள்.

2022இல் பெற்றோல் வரிசைகளில் நின்ற காலத்தில் பலருடைய கார் வாரக்கணக்கில் அடிமட்டப் பெற்றோலோடு கிடந்தது. பழைய இரும்புத் தாங்கி அப்படிக் கிடந்தால் உள்ளே துரு பிடிக்கும். ஃபில்ட்டரை மாற்றியும் சில வாரத்தில் திரும்ப அடைத்தால், கழற்றிய ஃபில்ட்டரைக் கவிழ்த்து வெள்ளைத் துணியில் கொட்டிப் பாருங்கள். சிவப்புத் தூள் வந்தால் தாங்கியை இறக்கிக் கழுவாமல் இந்தப் பிரச்சினை தீராது.

பொறியும் இருக்கிறது, பெற்றோலும் வருகிறது, பிளக் நனைந்து மணக்கிறதா? பெற்றோல் கூடிவிட்டது. அக்சிலேட்டரை அடிவரை மிதித்தபடி ஸ்டார்ட் அடியுங்கள்.

எல்லாம் இருந்தும் எஞ்சின் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றுவதுபோல் கேட்டால் நிறுத்திவிடுங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் மேலும் அடித்தால் சில எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதும். பெல்ட் மாற்றும் தூரம் கைநூலில் இருக்கும். பாவித்த காரை வாங்கியவருக்குக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், வாங்கின கையோடு மாற்றுவதுதான் நியாயம். வோட்டர் பம்ப் அந்தப் பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் எஞ்சின்களில் இரண்டையும் ஒன்றாக மாற்றினால் கூலி ஒரு முறைதான்.

மழை பெய்தால் மட்டும் நிற்கிறது, அல்லது திக்குகிறது

பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள கார்களில் இது பெரும்பாலும் அதன் மூடிக்குள் ஈரம். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, உள்பக்கத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். பென்சிலால் கோடு இழுத்ததுபோல் மெல்லிய கறுப்புக் கீறல் ஓடினால் அந்த வழியாகப் பொறி கசிகிறது. துடைத்துத் தீராது, மூடியை மாற்ற வேண்டும். பிளக் வயர்களைப் பார்ப்பதற்கு எளிய வழி இரவில் இருட்டில் பொனற்றைத் திறந்து எஞ்சினை ஓடவிடுவது. வயரின் மேல் நீலப் பொறி ஓடினால் அந்த வயர் முடிந்தது.

வெள்ளம் வேறு கதை. ஆமர் வீதியில் தண்ணீர் நிற்கும்போது சின்னக் காரை உள்ளே விட்டு, நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் அடிக்காதீர்கள். தண்ணீர் காற்றுக் குழாய் வழியாக சிலிண்டருக்குள் போயிருந்தால், தண்ணீரை அமுக்க முடியாது. கொனெக்டிங் ரொட்தான் வளையும். தள்ளிக் கரைக்குக் கொண்டுவந்து, ஏர் ஃபில்ட்டர் நனைந்திருக்கிறதா பாருங்கள். நனைந்திருந்தால் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு ஸ்டாட்டரால் சுற்றித் தண்ணீரை வெளியே துப்ப வைக்க வேண்டும். ஒயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் அதையும் மாற்றாமல் ஓட்டக் கூடாது.

ஓடுகிறது, ஆனால் நடுங்குகிறது

மூன்று சிலிண்டர் எஞ்சின் இயல்பாகவே சற்று நடுங்கும். மாருதி 800இன் 796 சிசி எஞ்சின் அந்த வகை. நடுக்கம் திடீரெனக் கூடியிருந்தால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. எஞ்சின் ஓடும்போது தடித்த ரப்பர் கையுறை போட்டு அல்லது காப்பிட்ட குறடால் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி உடனே பூட்டுங்கள் (இலக்ட்ரோனிக் இக்னிஷன் உள்ள காரில் இது வேண்டாம், மொடியூல் போய்விடும்). கழற்றும்போது நடுக்கம் கூடினால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது. எந்தச் சிலிண்டரின் வயரைக் கழற்றும்போது வித்தியாசம் தெரியவில்லையோ அதுதான் குற்றவாளி. பிளக்குக்கு மேலேயே கொயில் உட்காரும் இன்ஜெக்ஷன் கார்களில் கொயிலைத் தொடாமல் இன்ஜெக்டரின் சொக்கெட்டைக் கழற்றி இதே சோதனையைச் செய்யலாம்.

குற்றவாளி தெரிந்ததும் அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டரின் பிளக்கோடு மாற்றிப் போடுங்கள். பிழையும் கூடவே இடம் மாறினால் பிளக்தான். மாறாவிட்டால் வயரை அப்படியே மாற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால் கொம்பிரஷன், அதாவது காற்றை அமுக்கும் பலம், பார்க்க வேண்டும். செலவே இல்லாத இந்த மாற்றிப் போடும் முறைக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுக்கிறேன். காரில் ஒரே மாதிரி இரண்டு சாமான் இருந்தால் ஒன்று மற்றதற்குச் சாட்சி.

எல்லாச் சிலிண்டரும் உழைத்தும் நடுங்கினால் வெக்யூம் குழாயில் வெடிப்பு, அல்லது எஞ்சின் மவுன்ட். கார்பரேற்றர் அடித்தளத்தின் காஸ்கெட்டைச் சுற்றியும் குழாய்களைச் சுற்றியும் மெல்லச் சவர்க்காரத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். எஞ்சினின் ஓட்டம் ஒரு கணம் மாறும் இடத்தில் காற்று உள்ளே போகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஜெக்ஷன் காரில் எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேன் பண்ணுவது நல்லது. ஆனால் ஸ்கேனர் சொல்வது எந்த இணைப்பில் குறை என்பதை மட்டுமே. "ஒட்சிசன் சென்சர்" என்று வந்தவுடன் சென்சர் வாங்க வேண்டாம். சென்சருக்கு முன்னால் புகைக் குழாயில் ஓட்டை இருந்தாலும் அதே எண் வரலாம்.

சூடேறுகிறது

கொழும்பில் பழைய கார்களைக் கொல்வது இதுதான். இந்த எஞ்சின்களின் மேல்மூடியான ஹெட் அலுமினியம். ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் வளையும், காஸ்கெட் ஊதும். பிறகு லேத்தில் கொடுத்துச் சீவி எடுக்கும் செலவு, அதுவரை நீங்கள் மிச்சம் பிடித்த எல்லாவற்றையும் சாப்பிட்டுவிடும். ஆகவே சூடு காட்டும் முள் ஏறுவதைக் கண்டால் "வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்" என்ற பேச்சே கூடாது. ஓரமாக நிறுத்துங்கள். நிறுத்த இடம் இல்லாத நெரிசலில் மாட்டினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டர் இருந்தால் அதை முழுதாகப் போடுங்கள். அது எஞ்சினின் சூட்டை உள்ளே இழுத்து உங்கள் மேல் ஊதும். வியர்வை வரும், ஹெட் தப்பும். சூடான ரேடியேற்றர் மூடியைத் திறக்கக் கூடாது. மேல் குழாயைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும்.

எப்போது சூடேறுகிறது என்பதில்தான் பதில் இருக்கிறது.

நெரிசலில் மட்டும் ஏறி, வேகமாக ஓடினால் இறங்குகிறதா? ஃபேன். பொரளையில் ஊர்ந்து போகும்போது ரேடியேற்றருக்குக் காற்றுக் கொடுப்பது ஃபேன் மட்டுமே. எஞ்சினை ஓடவிட்டு முள் நடுவுக்கு மேல் போகும்போது ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். சுற்றவில்லையென்றால் ஃபியூஸ், பிறகு ரேடியேற்றரிலோ அதற்குப் பக்கத்திலோ இருக்கும் சூட்டு ஸ்விட்ச். பழைய கார்களில் அந்த ஸ்விட்சின் இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொட வைத்துத் திறப்பை 'ஒன்'னில் வைத்தால் ஃபேன் ஓட வேண்டும். ஒற்றை வயர் என்றால் அதை எஞ்சின் உலோகத்தில் தொட வையுங்கள். ஓடினால் ஸ்விட்ச் பழுது, மலிவான சாமான். ஓடாவிட்டால் ஃபேன் மோட்டாருக்குப் பற்றரியிலிருந்து நேரடியாக வயர் கொடுத்துப் பாருங்கள். கொம்பியூட்டர் வழியாக ஃபேன் ஓடும் கார்களில் வயரைத் தொட வைத்து விளையாடாமல் ஏ.சி.யைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஏ.சி. போட்டவுடன் ஃபேன் ஓடும். ஓடினால் மோட்டார் நல்லது.

நெரிசலில் பரவாயில்லை, நெடுந்தூரம் வேகமாக ஓடினால் ஏறுகிறதா? ரேடியேற்றர் உள்ளே அடைத்திருக்கலாம், அல்லது கூலண்ட் குறைந்திருக்கலாம். கார் ஓடி நின்றதும் எஞ்சினையும் ஃபேனையும் அணைத்துவிட்டு, ரேடியேற்றரின் முன்பக்கத்தைக் கையால் தடவாமல் சற்று விலகி உணருங்கள். ஒரு பகுதி சுட, இன்னொரு பகுதி குளிர்ந்திருந்தால் அந்தப் பகுதி அடைப்பு. வருடக்கணக்காகக் குழாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றிய காரில் இது வராவிட்டால்தான் ஆச்சரியம். கூலண்ட் சூட்டைக் குறைப்பதற்கு மட்டுமல்ல, உள்ளே துரு பிடிக்காமல் காக்கவும்தான். வெறும் தண்ணீருக்கு அந்தக் குணம் இல்லை.

ஸ்டார்ட் பண்ணிச் சில நிமிடத்திலேயே ஏறி, எஞ்சின் கொதிக்க, ரேடியேற்றரின் கீழ்க் குழாய் குளிர்ந்து கிடக்கிறதா? எஞ்சின் சூடானதும் தண்ணீருக்கு ரேடியேற்றர் வழியைத் திறக்கும் வால்வான தேர்மோஸ்டற் திறக்கவில்லை. இந்த இடத்தில் பல கராஜ்களில் கேட்கும் ஆலோசனை, "நம்ம ஊர்ச் சூட்டுக்கு அது தேவையில்ல, கழற்றி எறிவோம்" என்பது. நான் இதை முழுமூச்சாக எதிர்க்கிறேன். தேர்மோஸ்டற் இல்லாத எஞ்சின் தன் சரியான சூட்டுக்கு வர வெகுநேரம் எடுக்கும். அதுவரை பெற்றோல் அதிகமாக இறங்கும், சிலிண்டர் சுவரில் ஒயில் படலம் கழுவப்படும், தேய்மானம் கூடும், புகைப் பரிசோதனையிலும் மாட்டும். சில எஞ்சின்களில் தண்ணீர் ஓடும் வழியே குழம்பி, சூடு கூடவும் செய்யும். புதிய தேர்மோஸ்டற் ஒன்றின் விலை ஒரு தடவை பெற்றோல் அடிக்கும் காசைவிடக் குறைவு. வாங்கியதைப் பூட்டும் முன் ஒரு சட்டியில் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். அதன் மேல் 82 என்று அடித்திருந்தால் அந்த அளவுச் சூட்டில் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காத புதுச் சாமானும் கடையில் உண்டு.

கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது, கீழே ஒரு சொட்டும் இல்லையா? மூடியின் ரப்பரைப் பாருங்கள், பலர் மறக்கும் இடம் அது. மூடி நல்லதென்றால், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் ஹெட் காஸ்கெட். முன் சீற்றுக் காலடிக் கம்பளம் இனிப்பு மணத்தோடு நனைந்திருந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. அது உயிர் போகிற காரியம் அல்ல.

பிரேக்

காசு குறைவாக இருக்கும் மாதத்திலும் இதைத் தள்ளிப் போடக் கூடாது. மற்றப் பலவற்றைத் தள்ளலாம்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி, இரண்டு மூன்று தடவை மிதித்தால் உயர்கிறதா? குழாயில் காற்று, அல்லது பின்பக்க ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது. மிதித்துப் பிடித்துக்கொண்டே இருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா? வெளியே கசிவு இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது. அந்தக் காரை அன்றே நிறுத்துங்கள். பெடல் கல் மாதிரி இருந்தால் மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டர்: எஞ்சினை அணைத்துவிட்டுப் பல தடவை மிதித்து, கடைசியில் மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணினால் பெடல் சற்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வெக்யூம் குழாய், அதன் வால்வு, பிறகு பூஸ்டர்.

ஒரு பக்கம் இழுத்தால் முதலில் டயர் காற்றைச் சரிபாருங்கள். சரியென்றால், சிறிது தூரம் ஓடி நிறுத்திச் சில்லுகளுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் அந்தச் சில்லின் கலிப்பர் (பிரேக் பட்டையை அழுத்தும் பகுதி) விடாமல் பிடித்திருக்கிறது. பெரும்பாலும் சறுக்கும் ஊசியில் துரு. கழற்றிச் சுத்தம் பண்ணி உரிய கிறீஸ் போட்டால் போதும். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நம்முடைய புழுங்கும் காற்றில் இன்னும் கூட. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் மாஸ்டர் சிலிண்டரும் சில்லுச் சிலிண்டரும் வெகுகாலம் உழைக்கும்.

சத்தங்கள்

ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது "டக் டக் டக்": சி.வி. ஜொயின்ட், அதாவது சில்லைச் சுற்றும் தண்டின் மூட்டு. அதன் ரப்பர் உறையான பூட் கிழிந்து கிறீஸ் தெறித்திருக்கும். பூட் கிழிந்தவுடனே மாற்றியிருந்தால் ஜொயின்ட் தப்பியிருக்கும். குழியில் விழும்போது "டொக்": போல் ஜொயின்ட், லோவர் ஆர்ம் புஷ் அல்லது சொக் மேல் மவுன்ட். சில்லைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் போல் ஜொயின்ட்டும் பெயரிங்கும், பக்கவாட்டில் ஆட்டினால் டை ரொட் எண்டும் தங்களைக் காட்டிக்கொடுக்கும். வேகம் கூடக் கூட ஹூம் என்ற சத்தம், வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது கூடினால் எதிர்ப்பக்கச் சில்லின் பெயரிங். எழுபது எண்பதில் ஸ்டியரிங் உதறினால் வீல் பலன்ஸ். பெல்ட் கீச்சிட்டால் இறுக்கம் அல்லது தேய்வு.

புகையும் புகைச் சான்றிதழும்

நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஒரு முறை வந்து மறைந்தால் வால்வு சீல். ஒயிலை அளவாக வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டலாம். வேகம் எடுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். அந்த எஞ்சினைத் திறப்பதா, பாவித்த எஞ்சின் போடுவதா என்று கொம்பிரஷன் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளக்கும்போது அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. காலையில் வந்து மறையும் வெள்ளை வெறும் ஈரம். மறையாத வெள்ளை, கூலண்ட்.

கறுப்புப் புகை என்றால் பெற்றோல் அதிகம். வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைச் சான்றிதழ் வேண்டும் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் இந்தத் தலையிடி உண்டு. பரிசோதனைக்கு முன் ஏர் ஃபில்ட்டர், பிளக், ஒயில் மாற்றி, சோக் (எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காற்றைக் குறைக்கும் தகடு) முழுதாகத் திறக்கிறதா பாருங்கள். அதைவிட முக்கியம், எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். பக்கத்து வீதியிலிருந்து குளிர்ந்த எஞ்சினோடு போகாமல் அரை மணித்தியாலம் ஓட்டிவிட்டுப் போங்கள். அப்படியும் விழுந்தால் அவர்கள் தரும் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். கார்பனோரொட்சைட்டு மட்டும் கூடியிருந்தால் பெற்றோல் கலவை அதிகம், ஐதரோகாபன் மட்டும் கூடியிருந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. வைத்தியர் பார்க்கும் இரத்தப் பரிசோதனைத் தாள் மாதிரி அது. கராஜில் அதைக் காட்டி வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

பெற்றோல் அதிகம் குடிக்கிறது

முதலில் அது உண்மையா என்று அளந்து பாருங்கள். வாய்வரை நிரப்பி, கிலோமீற்றரைக் குறித்து, திரும்ப வாய்வரை நிரப்பிக் கணக்குப் போடுங்கள். மீற்றர் முள்ளை நம்ப வேண்டாம். உண்மையென்றால் டயர் காற்று, பிடித்திருக்கும் பிரேக், ஏர் ஃபில்ட்டர், மூடிக்கிடக்கும் சோக், கழற்றி எறிந்த தேர்மோஸ்டற் என்ற வரிசையில் பாருங்கள். 92க்குப் பதில் 95 ஒக்டேன் அடித்தால் கூடுதல் தூரம் ஓடும் என்பது, 92க்கே வடிவமைத்த பழைய எஞ்சினில் வீண் செலவு.

பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது

கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த இடம் பஞ்சிகாவத்தை. கழற்றிய பழைய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள். மொடல் பெயரைச் சொல்லிக் கேட்டால் வருவது ஒன்று, பொருந்துவது வேறொன்று. சேசிஸ் இலக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். முதல் கடையில் விலை கேட்டவுடன் வாங்காமல் மூன்று நான்கு கடை ஏறி இறங்குங்கள்.

பாவித்த சாமானில் தாராளமாக வாங்கக் கூடியவை: ஆல்டர்னேட்டர், ஸ்டாட்டர், வைப்பர் மோட்டார், லைட், கதவுப் பூட்டு, கண்ணாடி ஏற்றும் பொறி, ரேடியேற்றர் ஃபேன். ஒருபோதும் பாவித்ததாக வாங்கக் கூடாதவை: பிரேக் சம்பந்தப்பட்ட எதுவும், பெல்ட், ரப்பர் குழாய், பெயரிங், டை ரொட் எண்ட், போல் ஜொயின்ட். டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் நாலு இலக்கம் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பளபளப்பாகக் கறுப்புப் பூசிய பழைய டயரை அந்த நாலு இலக்கம் காட்டிக்கொடுக்கும்.

காலடிக் கம்பளம் நனைகிறது, கதவோரம் பொருமுகிறது

இதைக் கடைசியில் வைத்தாலும், கார் இன்னும் எத்தனை காலம் ஓடும் என்பதைச் சொல்வது இந்த அறிகுறிதான். கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் சேற்றால் அடைத்தால் தண்ணீர் உள்ளே தங்கிக் கதவை உள்ளிருந்து அரிக்கும். ஒரு கம்பியால் குத்தி எடுக்கும் வேலை. முன் கண்ணாடி ரப்பரில் கசிவு இருந்தால் தண்ணீர் குழாயால் பீச்சி, உள்ளே ஒருவர் டோர்ச்சோடு இருந்து எங்கே இறங்குகிறது என்று பார்க்கலாம். தரையில் சிறிய ஓட்டைகளை வெட்டித் தகடு ஒட்டலாம். ஃபைபரும் புட்டியும் வைத்து மூடினால் அடியில் துரு தொடர்ந்து ஓடும்.

கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள் பொனற்றுக்குள் சொக் மேலே பூட்டும் கோபுரம், கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டம், பின் சஸ்பென்ஷன் பொடியில் பிடிக்கும் இடம். பெரிய ஸ்க்ரூட்ரைவரின் முனையால் அழுத்திக் குத்துங்கள். "டங்" என்று சத்தம் வந்தால் உலோகம் இருக்கிறது. சத்தம் மழுங்கி, முனை உள்ளே இறங்கினால், அந்தக் காரின் எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் இனிப் பணம் போடுவதை நிறுத்துங்கள். நல்ல வெல்டிங் பாஸ் ஒருவரிடம் காட்டி, அந்த இடத்தைச் சட்டத்தோடு வெட்டிக் கட்ட முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியும் என்றால் அதைச் செய்த பிறகே மற்ற வேலை. முடியாது என்றால் நல்ல நிலையில் உள்ள ஆல்டர்னேட்டர், டயர், பற்றரி எல்லாவற்றையும் விலை பேசி, காரைச் சாமானுக்காக விற்றுவிடுங்கள்.